கருவி தப்பாகக் காட்டினால் விமானிக்கு எப்படித் தெரியும்?

கேள்வி இதுதான்: "விமானம் தரையிறங்க வரும்போது வழிகாட்டும் கருவியே தவறாகக் காட்டினால் விமானிக்கு எப்படித் தெரியும்? ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கிறது என்கிறார்களே, அது போதாதா? ஜிபிஎஸ் சிக்னலை ஏமாற்றுகிறார்கள் என்று வேறு செய்தி வருகிறது, அது எவ்வளவு ஆபத்து?"

கருவி முழுதாகச் செத்துப்போனால் அது அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. முள் மறைந்துவிடும், திரையில் எச்சரிக்கை எழுத்து வரும், விமானிகள் வேறு வழிக்கு மாறுவார்கள். இல்லையென்றால் இறங்குவதை நிறுத்திவிட்டு மேலே ஏறிப் போவார்கள். இதற்கெல்லாம் பயிற்சி உண்டு. பயப்பட வேண்டியது, எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் காட்டிக்கொண்டே தவறான இடத்துக்கு அழைத்துப்போகும் கருவிக்கு. "ஒன்று கெட்டால் இன்னொன்று" என்ற ஏற்பாடு முதல் வகைக் கோளாறுக்குச் சரி. இரண்டாவது வகைக்குப் போதாது. மூன்று கருவிகள் இருந்தாலும், மூன்றுக்கும் தகவல் ஒரே இடத்திலிருந்து வந்தால் மூன்றும் ஒரே தவறைத்தான் காட்டும். அதனால் எத்தனை கருவி இருக்கிறது என்று பார்க்காமல், எத்தனை மூலங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். கீழே வரும் சம்பவங்கள் எல்லாவற்றிலும் இதைத்தான் தேடப்போகிறோம்.

முதலில், இறங்கும்போது மட்டும் ஏன் இவ்வளவு கவலை? 35,000 அடியில் பறக்கும்போது விமானம் தான் நினைத்த இடத்திலிருந்து ஒரு மைல் தள்ளி இருந்தால் யாருக்கும் எதுவும் ஆகாது. விமானத்துக்குள் இருக்கும் இனர்ஷியல் அமைப்பு வெளி உதவி எதுவும் இல்லாமல், வேகமாற்றத்தையும் திருப்பத்தையும் அளந்தே இடத்தைக் கணக்கிடுகிறது. அதன் கணக்கு நேரம் ஆக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். மணிக்கு 2 கடல் மைல் வரை விலகினாலும் ஏற்றுக்கொள்ளத்தக்கது என்பதுதான் பொதுவான அளவுகோல். ஜிபிஎஸ் அல்லது தரையில் உள்ள ரேடியோ நிலையங்களை வைத்து அதை அவ்வப்போது திருத்திக்கொண்டே போவார்கள். தரையை நெருங்கும்போது கதை மாறுகிறது. ஜிபிஎஸ் வழியிலான சாதாரண அப்ரோச்சின் (ஓடுபாதையை நோக்கி இறங்கி வருவதன்) கடைசிக் கட்டத்தில் பக்கவாட்டுப் பிழை 0.3 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 550 மீட்டருக்குள் இருந்தாக வேண்டும். உயரத்திலோ நூறு அடி கூடப் பெரிய விஷயம். வழக்கமான 3 டிகிரி சரிவில் ஒரு கடல் மைலுக்குச் சுமார் 318 அடி இறங்குகிறோம். விமானிகள் மனக்கணக்குக்கு அதை 300 என்று வைத்துக்கொள்வார்கள்: 5 மைல் தூரத்தில் 1500 அடி, 4 மைலில் 1200. இந்தச் சின்னப் பெருக்கல் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பல உயிர்களைக் காப்பாற்றிய கணக்கு அது. ஒரு இடத்தில் அதுவும் கைவிடும், அதையும் சொல்கிறேன்.

சரி, ரேடியோ கற்றைகளால் ஓடுபாதைக்கு வழிகாட்டும் ஐஎல்எஸ்ஸிலிருந்து தொடங்கலாம். பெரிய விமான நிலையங்களில் இன்றும் முதன்மையான முறை இதுதான். ஓடுபாதையின் மறுகோடியில் இருக்கும் லோகலைசர் இடவலத்தைச் சொல்லும். பாதையின் பக்கவாட்டில் இருக்கும் கிளைட்ஸ்லோப் மேல்கீழைச் சொல்லும். இரண்டும் ஒரே தத்துவத்தில்தான் வேலை செய்கின்றன. ஒரு கேரியர் அலையின் மேல் 90 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ் என்று இரண்டு ஒலிகளை ஏற்றி அனுப்புகிறார்கள். சரிவுக்கு மேலே இருந்தால் ஒன்று ஓங்கும், கீழே இருந்தால் மற்றது ஓங்கும். விமானத்தில் உள்ள ரிசீவர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து முள்ளை நகர்த்துகிறது. வித்தியாசம் பூஜ்யம் என்றால் முள் நடுவில் நிற்கும். நீங்கள் சரியான சரிவில் இருக்கிறீர்கள் என்று பொருள்.

அந்தப் பூஜ்யம் வேறு காரணத்தாலும் வரலாம். 2000 ஜூலை 29 இரவு, ஆக்லாந்திலிருந்து சமோவாவின் ஃபாலேயோலோ விமான நிலையத்துக்கு வந்த ஏர் நியூசிலாந்து போயிங் 767க்கு அதுதான் நடந்தது. அங்கே தரையில் இருந்த கிளைட்ஸ்லோப் டிரான்ஸ்மிட்டர் பராமரிப்பு நிலையிலேயே விடப்பட்டிருந்தது. கோளாறு வந்தால் தானாக அணைத்துவிடும் கண்காணிப்பும் அப்போது செயலில் இல்லை. அதனால் வித்தியாசத்தைச் சொல்லும் பகுதி இல்லாத சிக்னல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. ரிசீவருக்கு நல்ல வலுவான சிக்னல் கிடைக்கிறது, வித்தியாசம் பூஜ்யம். முள் அப்படியே நடுவில். எச்சரிக்கைக் கொடி எதுவும் விழவில்லை. விமானம் எந்த உயரத்தில் எந்த இடத்தில் இருந்தாலும் "சரியான சரிவில் இருக்கிறாய்" என்றே அது சொல்லியிருக்கும்.

விமானத்தில் ஒன்றுக்கு மூன்று ரிசீவர்கள் இருந்தன. மூன்றும் ஒத்துப்போயின. ஒத்துப்போகாமல் எப்படி இருக்கும், மூன்றும் கேட்டது ஒரே டிரான்ஸ்மிட்டரைத்தானே. முள் விலகவே இல்லை என்பதால் ஆட்டோபைலட்டுக்குத் திருத்த எதுவும் இல்லை. இறங்கிக்கொண்டிருந்த கோணத்திலேயே தொடர்ந்து இறங்கியது. கடைசியில் விமானிகளை உஷார்ப்படுத்தியவை ஐஎல்எஸ்ஸுக்குச் சம்பந்தமே இல்லாத விஷயங்கள்: தீவின் விளக்குகள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, தரை நிலையத்திலிருந்து தூரத்தைச் சொல்லும் டிஎம்இ காட்டிய தூரமும் உயரமும் பொருந்தவில்லை. கோ-அரவுண்ட் செய்து, அதாவது இறங்குவதைக் கைவிட்டு, மேலே ஏறியபோது கடலுக்கு மேல் 400 அடி கூட இல்லை. ஓடுபாதைக்கு இன்னும் ஐந்தரை மைல் இருந்தது. 300 கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்தத் தூரத்தில் 1650 அடியாவது இருந்திருக்க வேண்டும்.

பலரும் இந்தச் சம்பவத்தைத் தரைக் கருவியின் பராமரிப்புப் பிழையாகப் பார்ப்பார்கள். பிழைதான். ஆனால் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. ஒரு அப்ரோச்சில் முள் கொஞ்சம்கூட அசையாமல் நடுவிலேயே நிற்கிறது என்றால் அது நிம்மதிக்குரிய காட்சி அல்ல. காற்றில் பறக்கும் எந்த விமானமும் சரிவில் லேசாக மேலே கீழே போய்த்தான் வரும். அதிசுத்தமான தகவலைச் சந்தேகிக்கப் பழக வேண்டும்.

ஐஎல்எஸ் கெடாமலே தவறாக வழிகாட்டவும் முடியும். கிளைட்ஸ்லோப் ஆன்டெனாவின் இயல்பே அப்படி: 3 டிகிரியில் உண்மையான சரிவு இருந்தால், அதற்கு மேலே 9 டிகிரி போன்ற கோணங்களில் பொய்ச் சரிவுகளும் உருவாகும். கீழிருந்து போய் உண்மைச் சரிவைப் பிடிப்பதுதான் நடைமுறை; அப்படிச் செய்தால் பொய்ச் சரிவைச் சந்திக்கவே மாட்டோம். பின்காற்று வீசுகிறது, இறங்க நேரமாகிவிட்டது, விமானம் உயரமாக இருக்கிறது, மேலிருந்து கீழே வந்து சரிவைப் பிடிக்கப் பார்க்கிறோம் என்றால்தான் சிக்கல். 2013 மே 31 அன்று நெதர்லாந்தின் ஐந்தோவனில் ரயன்ஏர் போயிங் 737 ஒன்று இப்படித்தான் சிக்கியது. பொய்ச் சரிவின் பக்கத்தில் முள் தலைகீழாக வேலை செய்யும் பகுதிகள் உண்டு. சுமார் ஆயிரம் அடி உயரத்தில் ஆட்டோபைலட் அதைப் பிடித்து, சரிவைத் தொடர்வதாக நினைத்துக்கொண்டு மூக்கை 20 டிகிரிக்கும் மேல் தூக்கியது. வேகம் சரசரவென்று குறைந்து, ஸ்டால் ஆகப்போகிறது (இறக்கை தூக்கும் சக்தியை இழக்கப்போகிறது) என்ற எச்சரிக்கையாகக் கட்டுப்பாட்டுத் தண்டு அதிர ஆரம்பித்தது. விமானிகள் மீட்டு, கோ-அரவுண்ட் போனார்கள். கருவி எதுவும் பழுதில்லை. அது எந்த இடத்துக்காக வடிவமைக்கப்பட்டதோ அந்த இடத்தில் விமானம் இல்லை, அவ்வளவுதான். இங்கேயும் தூரத்தையும் உயரத்தையும் பெருக்கிப் பார்த்தால் உடனே பிடிபடும்.

லோகலைசருக்கும் இதேபோல் ஒரு பலவீனம் உண்டு. அதன் கற்றை பெரிய உலோகப் பொருள்களில் பட்டு வளையும். 2011 நவம்பர் 3 அன்று மியூனிக்கில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் போயிங் 777 தானியங்கி முறையில் இறங்கிக்கொண்டிருந்தபோது, அதே ஓடுபாதையிலிருந்து கிளம்பிய இன்னொரு விமானம் லோகலைசர் ஆன்டெனாவுக்கு மேலே பறந்து கற்றையைக் கலைத்தது. ஆட்டோபைலட் கலைந்த கற்றையை நம்பித் திரும்பியது. தரையைத் தொட்டபின் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிப் புல்லில் ஓடி நின்றது. யாருக்கும் காயமில்லை. மூடுபனி நாட்களில் கற்றையைப் பாதுகாக்க விமானங்களை இடைவெளி விட்டு அனுப்புவார்கள். அன்று வானிலை அந்த அளவுக்கு மோசமில்லை என்பதால் அந்தப் பாதுகாப்பு அமலில் இல்லை. தெளிவான வானிலையில் தானியங்கி இறக்கத்தைப் பயிற்சிக்காகச் செய்யும்போது கை ஸ்டியரிங்கிலேயே இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இப்போது உயரமானிக்கு வருவோம். ஜிபிஎஸ் காலத்திலும் பலரும் கவனிக்காத விஷயம் இது: பெரும்பாலான விமானங்கள் தங்கள் உயரத்தை இன்னும் காற்றழுத்தத்தை வைத்துத்தான் அறிகின்றன. உள்ளூர்க் காற்றழுத்தத்தை, அதாவது கியூஎன்ஹெச் மதிப்பை, கட்டுப்பாட்டாளர் சொல்ல விமானி உயரமானியில் அமைக்க வேண்டும். ஒரு ஹெக்டோபாஸ்கல் தவறினால் சுமார் 28 அடி தவறும்.

2022 மே 23 அன்று பாரிஸ் சார்ல் டி கோல் விமான நிலையத்துக்கு ஒரு ஏர்பஸ் ஏ320 வந்தது. உண்மையான அழுத்தம் 1001. கட்டுப்பாட்டாளர் சொன்னது 1011. விமானிகள் அதையே திரும்பச் சொல்லி, அதையே அமைத்தார்கள். ஒரு இலக்கம்தான். உயரத்தில் அது 280 அடி. அந்த ஓடுபாதையின் ஐஎல்எஸ் அன்று சேவையில் இல்லை. ஜிபிஎஸ் வைத்துப் பக்கவாட்டையும், உயரமானி வைத்துச் சரிவையும் பின்பற்றும் அப்ரோச்சைச் செய்தார்கள். பலத்த மழை. சரிவு முள் நடுவில் இருந்தது. 300 கணக்கும் சரியாக வந்திருக்கும்.

இங்கேதான் அந்தக் கணக்கு கைவிடுகிறது. கணக்கில் தூரம் உண்மை, ஆனால் உயரம் எந்த உயரமானியிலிருந்து வந்ததோ, சரிவையும் அதே உயரமானிதான் வரைந்திருக்கிறது. ஒரே பிழை இரண்டு பக்கமும் சமமாக உட்கார்ந்திருப்பதால் விடை ஒத்துப்போகும். உண்மையில் விமானம் சரியான சரிவுக்கு இணையாக, 280 அடி கீழே வந்துகொண்டிருந்தது. ஐஎல்எஸ்ஸாக இருந்திருந்தால் கிளைட்ஸ்லோப் தரையிலிருந்து கிளம்பும் கற்றை. அது உயரமானியைக் கேட்காது. இரண்டையும் ஒப்பிட்டவுடன் 280 அடி வித்தியாசம் வெளிப்பட்டிருக்கும்.

அன்று சந்தேகம் எழுப்பியது தரையில் இருந்த ஒரு அமைப்பு. ரேடாரில் விமானம் குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே போவதைக் கண்டு அது கட்டுப்பாட்டாளரை எச்சரித்தது. அவர் விமானிகளிடம் சொன்னார். விமானத்திலேயே இருந்த தரை எச்சரிக்கைக் கருவி வாய் திறக்கவில்லை. தங்கள் உயரமானியின்படி முடிவெடுக்க வேண்டிய உயரத்துக்கு வந்தும் ஓடுபாதை தெரியாததால் விமானிகள் கோ-அரவுண்ட் செய்தார்கள். தரைக்கு அலை அனுப்பி உயரத்தை அளக்கும் ரேடியோ ஆல்டிமீட்டரில் பதிவான மிகக் குறைந்த உயரம் 6 அடி. ஓடுபாதை தொடங்க இன்னும் 0.8 கடல் மைல் இருந்தது. பிரெஞ்சு விசாரணை அமைப்பின் அறிக்கையில் இந்த எண்ணைப் படிக்கும் யாரும் ஒருமுறை திரும்பப் படிப்பார்கள்.

குளிரும் இதே வேலையைச் செய்யும், எண் தவறாமலே. காற்று குளிர்ந்தால் சுருங்கும். உயரமானி காட்டுவதைவிட விமானம் கீழே இருக்கும். நிர்ணயித்த வெப்பநிலையிலிருந்து (கடல் மட்டத்தில் 15 டிகிரி) 10 டிகிரி குறைந்தால் உயரத்தில் ஏறத்தாழ 4 சதவீதம் பிழை. மைனஸ் 15 டிகிரி இருக்கும் விமான நிலையத்தில் 1000 அடி என்று காட்டும்போது உண்மையில் 880 பக்கம்தான் இருக்கும். அதனால் உயரமானியை நம்பும் அப்ரோச்களுக்குக் குறைந்தபட்ச வெப்பநிலை என்று ஒன்றை வரைபடத்திலேயே அச்சிட்டிருப்பார்கள்.

அப்புறம் ரேடியோ ஆல்டிமீட்டர். தரையை நோக்கி அலையை அனுப்பித் திரும்பி வரும் நேரத்தை அளப்பது, காற்றழுத்தத்தைச் சாராதது. எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து என்று தோன்றும். 2009 பிப்ரவரி 25 அன்று ஆம்ஸ்டர்டாமில் இறங்க வந்த டர்கிஷ் ஏர்லைன்ஸ் 737ன் இடது பக்க ரேடியோ ஆல்டிமீட்டர் திடீரென்று மைனஸ் 8 அடி என்று காட்டியது. விமானம் அப்போது 1950 அடியில் இருந்தது. இன்ஜின் விசையைத் தானாகக் கட்டுப்படுத்தும் ஆட்டோத்ராட்டில் அந்த இடது கருவியை நம்பி, தரை வந்துவிட்டது என்று விசையைக் குறைத்தது. விமானமோ அப்போது சரிவுக்கு மேலே இருந்து கீழே வந்துகொண்டிருந்ததால் விசை குறைந்தது இயல்பாகவே தெரிந்தது. யாரும் கவனிப்பதற்குள் வேகம் போய்விட்டது. 9 பேர் இறந்தார்கள். வலது பக்கக் கருவி சரியான உயரத்தைக் காட்டிக்கொண்டேதான் இருந்தது. இரண்டாவது மூலம் இருந்தும், இரண்டையும் ஒப்பிடும் வேலையை அந்த அமைப்பு செய்யவில்லை.

இன்னொரு வகை, கருவி எல்லாம் சரி, கொடுத்த கட்டளைதான் தவறு என்பது. 1995 டிசம்பர் 20 அன்று கொலம்பியாவின் காலிக்கு வந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 757ன் விமானிகள் ரோசோ என்ற ரேடியோ நிலையத்துக்குப் போக வரைபடத்தில் இருந்தபடி ஆர் என்ற எழுத்தைக் கணினியில் கொடுத்தார்கள். கணினியின் பட்டியலில் ஆர் என்று முதலில் நின்றது பொகோட்டாவுக்கு அருகில் இருந்த ரோமியோ. விமானம் இருட்டில் கிழக்கே திரும்பியது. கவனித்துத் திரும்புவதற்குள் மலைப்பகுதிக்குள் வந்துவிட்டார்கள், இறங்குவதும் நிற்கவில்லை. 159 பேர் இறந்தார்கள். 1992ல் ஸ்ட்ராஸ்பூர்க் அருகே மலையில் மோதிய ஏர் இன்டர் ஏ320ல், 3.3 டிகிரி சரிவு என்று நினைத்துக் கொடுத்த எண், நிமிடத்துக்கு 3300 அடி இறக்கமாக எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதுதான் விசாரணையில் முன்வைக்கப்பட்ட முக்கிய விளக்கம். திரையில் ஒன்று 3.3, மற்றது 33 என்று தெரியும். ஒரு புள்ளி வித்தியாசம். பிறகு அந்தத் திரையில் இறக்க வேகத்தை நான்கு இலக்கமாகக் காட்டும்படி மாற்றினார்கள்.

குவாமில் 1997 ஆகஸ்ட் 6 அன்று நடந்தது இதற்கும் முந்தைய வகைக்கும் நடுவில் வரும். கொரியன் ஏர் 747. கிளைட்ஸ்லோப் சேவையில் இல்லை. தூரம் சொல்லும் டிஎம்இ நிலையம் ஓடுபாதையில் இல்லாமல் 3.3 மைல் முன்னால் ஒரு குன்றின் மேல் இருந்தது. டிஎம்இ பூஜ்யம் காட்டினால் ஓடுபாதை வந்துவிட்டது என்ற பழக்கம் அங்கே கொல்லும். விமானம் அந்தக் குன்றில்தான் மோதியது. 228 பேர் இறந்தார்கள். 300 கணக்கைப் போடும்போது "எதிலிருந்து தூரம்?" என்று முதலில் கேட்க வேண்டும் என்பது இதனால்தான்.

காலி விபத்துக்குப் பிறகு வேகமாகப் பரவியது, இன்று பயணிகள் ஜெட்களில் பொதுவாக இருக்கும் மேம்பட்ட தரை எச்சரிக்கைக் கருவி. டான் பேட்மன் என்ற பொறியாளரின் குழு உருவாக்கியது. பழைய கருவி விமானத்துக்கு நேர் கீழே இருக்கும் தரையை மட்டும் பார்த்தது; செங்குத்தான மலை முன்னால் வந்தால் சில வினாடிகள்தான் மிஞ்சும். புதியது உலக நிலப்பரப்பையே நினைவில் வைத்துக்கொண்டு, விமானம் இருக்கும் இடத்தை அதோடு ஒப்பிட்டு முன்னதாகவே கத்தும். மலையில் மோதும் விபத்துகளை இந்த அளவுக்குக் குறைத்த வேறொரு கருவி இல்லை என்பது என் கருத்து.

ஆனால் "விமானம் இருக்கும் இடம்" என்பதை அது யாரிடம் கேட்கிறது? 2003 மார்ச் 31 அன்று அடிஸ் அபாபாவில் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது. பிரிட்டிஷ் மெடிட்டரேனியன் ஏர்வேஸின் ஏ320 அது. ஜிபிஎஸ் கிடையாது. விஓஆர் என்ற தரை ரேடியோ நிலையத்திலிருந்து கிடைத்த திசைத் தகவல் தவறாக இருந்தது. விமானிகள் பார்த்த முள் தவறு. அதே தகவலை வைத்துத் திருத்திக்கொண்ட கணினியின் இடக்கணிப்பும் தவறு. அந்த இடத்தை வாங்கிக்கொண்ட தரை எச்சரிக்கைக் கருவிக்கும் மலை எங்கோ தள்ளி இருப்பதாகவே தெரிந்தது. ஒரே பிழை மூன்று வேடம் போட்டுக்கொண்டு வந்து நின்றது. ஒரு மேட்டை அந்த விமானம் கடந்தபோது பதிவான இடைவெளி 56 அடி. கருவிக்குத் தனியாக ஜிபிஎஸ் கொடுத்துவிட்டால் இந்தப் பிரச்சினை தீரும் என்பதே அன்றைய தீர்வு. தீர்ந்தும் இருந்தது, வெகு காலம்.

அதனால்தான் உங்கள் கடைசிக் கேள்வி முக்கியம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. தரைக்கு வரும்போது சிக்னல் மிக மெலிந்திருக்கும். அதை இரைச்சலால் அமுக்குவது ஜாமிங். அது முதல் வகை: ஜிபிஎஸ் போய்விட்டது என்று விமானத்துக்கே தெரியும். உண்மையான சிக்னலைப்போல் போலியாக ஒன்றை அனுப்பி இடத்தை மாற்றிக் காட்டுவது ஸ்பூஃபிங். அது இரண்டாவது வகை. போர் நடக்கும் பகுதிகளைச் சுற்றி ட்ரோன்களைத் திசைதிருப்பச் செய்வது பயணிகள் விமானங்களையும் தாக்குகிறது. 2023 செப்டம்பருக்குப் பிறகு மத்தியக் கிழக்கைச் சுற்றி இதுபற்றிய புகார்கள் பெருகின.

நடுவானில் இது தொல்லை. கட்டுப்பாட்டாளரின் ரேடார் உதவியோடு போய்விடலாம். அப்ரோச்சில் என்ன செய்கிறது என்று பார்த்தால், முதலில் இடக்கணிப்பு இடம் மாறும். சில விமானங்களில் இனர்ஷியல் அமைப்பின் கணக்கோடு ஜிபிஎஸ்ஸைக் கலந்துவிடும் வடிவமைப்பு இருக்கிறது; போலி சிக்னல் மெதுவாக நகர்ந்தால் நல்ல கணக்கும் சேர்ந்து கெடும். விமானத்தின் கடிகாரமும் ஜிபிஎஸ்ஸிலிருந்து நேரம் எடுப்பதால் தேதி, நேரம் மாறிப்போகும். அதைச் சார்ந்த தரவுத் தொடர்பும் குழம்பும். எல்லாவற்றையும்விட மோசம், தரை எச்சரிக்கைக் கருவி கடலுக்கு மேலேயோ ஓடுபாதைக்கு நேரேயோ "மேலே இழு" என்று பொய்யாகக் கத்துவது. போலி சிக்னல் இருந்த பகுதியைத் தாண்டி வெகு நேரம் ஆன பிறகும், சேருமிடத்தில் இறங்கும்போது கூட இது நடக்கலாம். விமானிகளுக்கு இதைவிடக் கொடுமையான நிலைமை இல்லை. அந்தக் குரலுக்கு யோசிக்காமல் கீழ்ப்படிய வேண்டும் என்றே பல ஆண்டுகளாகப் பயிற்சி கொடுத்திருக்கிறோம். பொய்க் குரல் பழகிப்போனால் உண்மைக் குரலுக்கும் கை தயங்கும். ஸ்பூஃபிங்கால் வரும் நேரடி இடப்பிழையைவிட இந்தத் தயக்கத்தைத்தான் நான் பெரிய ஆபத்தாக நினைக்கிறேன்.

நடைமுறையில் என்ன செய்கிறார்கள் என்றால், பாதிக்கப்பட்ட பகுதிக்குள் நுழையும் முன்பே கணினியிலிருந்து ஜிபிஎஸ்ஸைத் துண்டித்துவிட்டு, தரையில் உள்ள டிஎம்இ நிலையங்களையும் இனர்ஷியல் கணக்கையும் வைத்துப் போகிறார்கள். இறங்கும்போது ஐஎல்எஸ்ஸைத் தேர்ந்தெடுப்பார்கள், ஏனென்றால் அதற்கு ஜிபிஎஸ் தேவையில்லை. செலவு மிச்சம் என்று பழைய தரை நிலையங்களை மூடிக்கொண்டு வந்த காலத்தில் இந்தக் குழப்பம் வந்திருக்கிறது. எஸ்டோனியாவின் டார்ட்டு விமான நிலையத்தில் ஜிபிஎஸ் அப்ரோச் மட்டும்தான் இருந்தது. சிக்னல் தொல்லையால் இறங்க முடியாமல் விமானங்கள் திரும்பிப்போன பிறகு, ஃபின்ஏர் 2024 ஏப்ரல் இறுதியில் அங்கே போவதை ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. ஜிபிஎஸ் தேவைப்படாத, தரை நிலையங்களைச் சார்ந்த அப்ரோச்சை அமைத்த பிறகே சேவை மீண்டும் தொடங்கியது.

பகலில், தெளிவான வானிலையில் இவை எதுவும் பெரிதாகப் பயமுறுத்தாது. கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதை தெரியும். பக்கத்தில் இருக்கும் நான்கு பாப்பி விளக்குகளில் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் சரிவு சரி. நான்கும் சிவப்பு என்றால் மிகக் கீழே. அந்த விளக்குக்கு உயரமானியும் தெரியாது, செயற்கைக்கோளும் தெரியாது. இருட்டும் மழையும் மேகமும் அந்தச் சாட்சியை எடுத்துவிடும்போதுதான் மற்றவை எல்லாம் முக்கியமாகின்றன. மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை இரவிலோ மோசமான வானிலையிலோ நடந்தவை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

பயணியாக உட்கார்ந்திருக்கும் நமக்கு இதில் தெரியப்போவது கொஞ்சம்தான். இறங்கிக்கொண்டிருந்த விமானம் திடீரென்று இன்ஜின் சத்தத்தோடு மேலே ஏறினால், ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்று யாரோ சரியான நேரத்தில் முடிவெடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் சாதாரணமாக, முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு இன்னும் விலகவில்லை என்பதாக இருக்கும். முன் இருக்கைத் திரையில் ஓடும் வரைபடத்தில் விமானம் சம்பந்தமில்லாத ஊரில் நிற்பதாகத் தெரிந்தாலும் பதற வேண்டாம். பெரும்பாலும் அதுவும் ஜிபிஎஸ் கலந்த இடக்கணிப்பைத்தான் வாங்கிக் காட்டுகிறது, முன்னால் இருப்பவர்கள் அதைப் பார்த்து ஓட்டுவதில்லை.